காதுகுத்து சிடி

அத்தியாயம் 17

மூன்று நாளாக மாலதி வாய் திறக்கவில்லை. நான்காம் நாள், சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திறந்தாள்.

"சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க. ஏழரை பஸ்ஸ விட்டா டோக்கன் கெடைக்காது."

அவ்வளவுதான். இதைச் சமாதானம் என்று செம்பியன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டது அவன் தப்பு. அவள் டாக்டரின் டோக்கனைப் பற்றித்தான் பேசினாள்.

நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக இரண்டு வார்த்தை. செம்பியன் குறிஞ்சிப்பாடி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீடு திருப்பாதிரிப்புலியூரில். ஒரே பிள்ளை தில்லைநாதன், வயது ஐந்தரை. ஆட்டிசம் என்று சொல்லி இரண்டரை வருஷம் ஆகிறது. அவன் தினமும் போகிற பயிற்சி மையத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்துவிட்டது. விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் திங்கட்கிழமை முதல் அனுமதி என்று எல்லாப் பெற்றோருக்கும் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தில்லைக்குப் பதினைந்தாம் மாசத்துக்கு அப்புறம் ஒரு ஊசிகூடப் போடவில்லை. போட விட்டவனில்லை செம்பியன். அந்தப் பதினைந்தாம் மாசத்து ஊசிதான் பிள்ளையைக் கெடுத்தது என்பது அவனுடைய கட்சி.

"நீங்க வராட்டி போங்க, நானே கூட்டிட்டுப் போயி போட்டுட்டு வரேன்" என்று செவ்வாய்க்கிழமை மாலதி சொன்னாள்.

"போன தடவ மட்டும் என்னக் கேட்டுட்டா போட்டே?"

இதைச் சொன்ன நிமிஷத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடித்துக்கொள்ளவில்லை. நாலு வருஷமாக நாக்கின் நுனியில் தயாராக இருந்த வாக்கியம் அது. மாலதி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். பேச்சு நின்றது அப்போதுதான்.

அப்புறம் சிதம்பரத்தில் இருக்கிற மாலதியின் அண்ணன் மணிவண்ணன் போனில் நடுவே நின்று, அந்த ஊர் டாக்டர் ஞானசேகரனிடம் போய்க் கேட்பது என்று ஏற்பாடாகி, அதற்கும் செம்பியன் ஒரு நிபந்தனை போட்டான். அவன் காட்டுகிறதை டாக்டர் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் போடலாம் என்றால் போடலாம்.

காட்டப்போவது தில்லையின் காதுகுத்து சிடி.

பஸ்ஸில் ஜன்னலோரம் தில்லை, நடுவில் மாலதி, ஓரத்தில் செம்பியன். தில்லை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டான். வண்டி அதிர்கிறபோதெல்லாம் அவன் தொண்டையிலிருந்து ஒரு 'ம்ம்ம்' வரும். அது சந்தோஷ 'ம்ம்ம்'. வேறு 'ம்ம்ம்'களும் உண்டு. மாலதிக்கு எல்லாம் தெரியும். செம்பியனுக்கு இரண்டு தெரியும்.

முன் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"பேச்சு வராதா பையனுக்கு?"

"கொஞ்சம் வரும்" என்றாள் மாலதி.

"பொறந்ததுலேந்தே இப்படியா?"

மாலதி பதில் சொல்வதற்குள் செம்பியன் முந்திக்கொண்டான்.

"இல்லிங்க. நல்லாதான் இருந்தான். ஒண்ணே கால் வயசுல ஒரு ஊசி போட்டாங்க. அதுலேந்துதான்."

அந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். மாலதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆலப்பாக்கம் வரை இப்படியே போனது.

அந்த மே மாசத்தைச் செம்பியன் எத்தனை முறை மனசுக்குள் ஓட்டியிருப்பான்! விழுப்புரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். பத்து நாள் அங்கேயே தங்கல். ஊசிக்கான தேதி அட்டையில் இருக்கிறது. மாலதி தனியாகவே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ராத்திரி ஜுரம். முகாம் முடிந்து இவன் வந்தபோது ஜுரம் போய்விட்டிருந்தது. கூடவே, பிள்ளை சொல்லிக்கொண்டிருந்த 'ப்பா'வும் போய்விட்டிருந்தது.

டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொன்ன அன்று சாயங்காலமே செம்பியன் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒரு தகப்பன், தன் பிள்ளைக்கும் ஊசிக்கு அப்புறம்தான் என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது செம்பியனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு, ஃபைல் பண்ணி வைத்தான். வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடையை முதலில் முடிவு செய்துவிட்டால், அப்புறம் வருகிற கணக்கெல்லாம் அவர்களுக்குச் சரியாகவே வரும்.

டாக்டர் ஞானசேகரனின் கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மாடி. வராந்தாவில் கைக்குழந்தைகளோடு ஏழெட்டுப் பேர். தில்லை உள்ளே வர மறுத்துவிட்டான். டாக்டர் அறையில் குழல் விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போங்க. நான் இவனோட இருக்கேன்" என்றாள் மாலதி.

டாக்டருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஃபைலைப் பொறுமையாகப் புரட்டினார். சிவப்பு அடிக்கோடுகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே செம்பியனுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

"இத மொதல்ல கெளப்பிவிட்ட கட்டுரைய, அத போட்ட பத்திரிகையே இந்த வருஷம் வாபஸ் வாங்கிடுச்சு. தெரியுமா வாத்தியாரே?"

"படிச்சேன் சார். அதெல்லாம் அரசியல்னும் எழுதியிருக்காங்க."

"அதுக்கப்புறம் லட்சக்கணக்கான பிள்ளைங்கள வச்சுப் பாத்துட்டாங்க. ஊசி போட்ட பிள்ளைங்களுக்கும் போடாத பிள்ளைங்களுக்கும் இதுல வித்தியாசமே இல்ல."

"லட்சம் பிள்ளைங்க இருக்கட்டும் சார். எம் பிள்ளைய நான் பாத்தேன். ஊசிக்கு முன்னாடி எப்படி இருந்தான்னு நீங்களும் பாருங்க. காதுகுத்து அன்னிக்கு எடுத்தது. பதினோரு மாசம். இதுக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் ஊசி."

சிடியை நீட்டினான். நம்முடைய நியாயம் கடைசியில் ஒரு பெரிய மனுஷர் முன்னால் நிரூபணமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டார். சினிமாப் பாட்டு 'ஓ'வென்று எழுந்தது. திரையில் பூ மழை. பூ மழைக்கு நடுவே இதய வடிவத்துக்குள் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் தில்லை பறந்து வந்தான். அடியில் பெயரும் தேதியும்: 22.1.2006.

"பாருங்க சார், எப்படிச் சிரிக்கிறான்! மாமன் மடியில ஒக்காந்திருக்கான் பாருங்க. அது மணிவண்ணன், என் மச்சான். ஆசாரி ரெண்டு காதும் குத்துனாரு, ஒரு சொட்டு அழல சார். எங்க ஜனங்க எல்லாம் அசந்து போயிட்டாங்க. இன்னி வரைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதத்தான் பேசுவாங்க."

"பாட்ட நிறுத்திடட்டுமா? வெளியில ஒரு கொழந்த இப்பதான் தூங்குச்சு."

"நிறுத்துங்க சார். பாட்டு எதுக்கு?"

டாக்டர் சத்தத்தை முழுவதும் குறைத்தார்.

இந்த சிடியைச் செம்பியன் குறைந்தது முப்பது தடவையாவது பார்த்திருப்பான். பாட்டு இல்லாமல் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எந்த விசேஷ சிடியையும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வீடியோக்காரர்கள் முதல் ஃபிரேம் முதல் கடைசி வரை பாட்டைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். யார் என்ன பேசினார்கள், யாரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் பாட்டுக்கு அடியில் போய்விடும்.

இப்போது வாய்கள் மட்டும் தெரிந்தன.

மணிவண்ணன் பிள்ளையின் காதருகே குனிந்து கூப்பிடுகிறார். ஒருமுறை, இரண்டு முறை. கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். மாலதியின் அண்ணி எதிரில் வந்து கை தட்டுகிறாள். பெரியம்மா வருகிறாள். யாரோ ஒரு பெண் பலூனை ஆட்டுகிறாள். எல்லோர் வாயும் ஒரே மாதிரி திறந்து மூடுகிறது. தில்லை, தில்லை, தில்லை.

தில்லை சிரித்துக்கொண்டிருக்கிறான். பந்தல் ஓரத்தில் ஓடி ஓடி எரிகிற சீரியல் பல்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆசாரி வலது காதைக் குத்துகிறார். கண் பல்பிலேயே இருக்கிறது. இடது காது. அப்போதும் அங்கேயே இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.



"இவரு யாரு? பட்டுச் சட்ட?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்."

பட்டுச் சட்டை போட்ட செம்பியன் பிள்ளைக்கு எதிரே வந்து மண்டியிடுகிறான். கூப்பிடுகிறான். சொடக்குப் போடுகிறான். மறுபடி கூப்பிடுகிறான். ஐந்து முறை. பிறகு இரண்டு விரலால் பிள்ளையின் முகவாயைப் பிடித்துக் காமெரா பக்கம் திருப்புகிறான். முகம் திரும்புகிறது, கண் மட்டும் நழுவிப் பல்புக்கே போகிறது. பட்டுச் சட்டைக்காரன் காமெராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பைச் செம்பியனுக்கு நன்றாகத் தெரியும். கேள்வி கேட்டால் விடை தெரியாத பையன் எழுந்து நின்று சிரிக்கிற சிரிப்பு. அப்படியானால் அன்றைக்கே அவனுக்கு என்னவோ தட்டுப்பட்டிருக்கிறது. தட்டுப்பட்டதைத் தானே மூடி வைத்துவிட்டு, நாலு மாசம் கழித்து வந்த ஊசியின் தலையில் கட்டியிருக்கிறான். ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தவள் தலையில் கட்டியிருக்கிறான்.

"ப்பான்னு சொன்னானே சார்..." என்றான்.

"ஒங்களப் பாத்தா சொன்னான்?"

யோசித்தான். கூடத்தில் பாயில் மல்லாந்து கிடப்பான். மேலே ஃபேன் சுற்றும். ப்பா, ப்பா, ப்பா. இவன் உள்ளே வந்தாலும் சொல்வான், வராவிட்டாலும் சொல்வான்.

"ஃபேனப் பாத்து சார்."

டாக்டர் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

"வாத்தியாரே, ஒரு சிடிய வச்சு நான் எதுவும் எழுதித் தர மாட்டேன். கூப்பிட்டா திரும்பாத பிள்ளைங்க எத்தனையோ உண்டு. ஆனா பேச்சு வர்றதும், வந்த பேச்சு நிக்கிறதும் அந்த வயசுலதான். ஊசி போடுற வயசும் அதே. ரெண்டும் ஒரே சமயம் நடந்தா ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு ஆயிடுமா? இத ஒங்க பசங்களுக்கு நீங்க சொல்லித் தர்றவரு."

செம்பியன் ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தான்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. கக்குவான் வந்தா மூச்சு இழுத்துக்கும். மத்த பிள்ளைங்க எங்க வலிக்குதுன்னு சொல்லும். ஒங்க பையனுக்குச் சொல்ல வராது. இவனுக்குத்தான் ஜாஸ்தி பாதுகாப்பு வேணும். இவனுக்குப் போயி நீங்க நிறுத்தி வச்சிருக்கீங்க."

"போட்டுடுங்க சார்" என்றான் செம்பியன்.

பக்கத்து அறையில் சிமிட்டாத விளக்கு இருந்தது. மாலதி பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போனாள். செம்பியன் கையை நீட்டினான்.

"நான் வச்சுக்கறேன், குடு."

மாலதி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

காது குத்தியபோது அழாத பிள்ளை இப்போது ஊரைக் கூட்டினான். தலையால் முட்டியதில் செம்பியனின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "அப்பா, கெட்டியாப் புடிங்க, இன்னொண்ணு இருக்கு" என்றாள் நர்ஸ். கெட்டியாகப் பிடித்தான். இந்தப் பிள்ளையை இவ்வளவு நேரம், இவ்வளவு இறுக்கமாகக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ஒடம்பு சுடும். பயந்துக்காதீங்க. வந்துட்டுப் போற ஜுரம்தான். சிரப் எழுதியிருக்கேன்" என்றார் டாக்டர்.

ஒரு ஓட்டலில் சாப்பிட்டார்கள். தில்லை வெறும் இட்லி மட்டும் தின்றான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கடலூர் வண்டி நிற்கிற இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நாற்பது பையன்களுக்கு முன் தடங்கல் இல்லாமல் பேசுகிறவனுக்கு ஒரு மனைவியின் முன் வார்த்தை வரவில்லை.

"மாலதி. அந்த ஊசியால இல்ல."

"தெரியும்."

"இல்ல, அந்த சிடியில... காதுகுத்து அன்னிக்கே அவன்..."

"தெரியுங்க."

அவள் தில்லையின் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"எட்டு மாசத்துலேந்து தெரியும். பால் குடிக்கறப்ப என் மூஞ்சிய பாக்க மாட்டான். என் தோள்பட்டையத் தாண்டி செவுத்த பாப்பான். எதோ ஒண்ணு சரியில்லன்னு தெரியும். இன்னான்னு தெரியல."

"அப்பறம் ஏன்... நாலு வருஷமா நான் பேசுனதையெல்லாம் ஏன் வாங்கிக்கிட்டே? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நான்..."

மாலதி முடித்தாள்.

"ஊசி கெடுத்துடுச்சுன்னு நீங்க நம்புன வரைக்கும், அதுக்கு முன்னாடி இருந்த ஒரு பிள்ளைய தேடிக்கிட்டாவது இவனோட கெடந்தீங்க. அந்த டாக்டரு, இந்த வைத்தியம்னு இவனத் தூக்கிக்கிட்டு அலஞ்சீங்க. இவன் வரும்போதே இப்படித்தான் வந்தான்னு தெரிஞ்சா விட்டுடுவீங்களோன்னு எனக்கு பயம். என்னத் திட்டுனா திட்டிக்கட்டும், பிள்ளைய வுட்டுடாம இருந்தா போதும்னு இருந்தேன்."

செம்பியனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் துடைத்துக்கொண்டான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு எத்தனை முறை சொல்வது, எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாலதி" என்றான்.

"ஆமா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடலூர் வண்டி வந்து நின்றது. மாலதி எழுந்து, தில்லையை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். செம்பியனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். பையை அவன் மடியில் வைத்தாள். உட்காராமல் படியில் இறங்கிவிட்டாள்.

"எங்க போற? வண்டி கெளம்பப் போவுது!"

ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஒரு ராத்திரி முழுசா தூங்கி நாலு வருஷம் ஆவுது எனக்கு. அன்னிக்கு இவனுக்கு ஜுரம் அடிச்சப்ப நான் ஒண்டியாதான் இருந்தேன். இன்னிக்கு நீங்க இருங்க."

"நாளைக்கு வந்துடுவ இல்ல?"

"தூங்கி எழுந்திரிச்சாத்தான் தெரியும்."

அவள் கை ஜன்னல் வழியாக வந்து தில்லையின் தலையில் ஒரு நிமிஷம் இருந்தது. தில்லை கம்பியின் அதிர்வில் லயித்துப்போயிருந்தான். வண்டி நகர்ந்தது. செம்பியன் எட்டிப் பார்த்தபோது மாலதி கூட்டத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பி.முட்லூர் தாண்டும்போது தில்லை தானாக நகர்ந்து செம்பியன் மேல் சாய்ந்தான். சாய்கிற பிள்ளை இல்லை அவன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். சுட்டது.

பையில் சிரப் இருந்தது. ஐந்து மில்லி என்று சீட்டில் இருந்தது. எப்படிக் கொடுப்பது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. ஸ்பூனிலா? மூடியிலா? பின்னாலிருந்து பிடித்துக்கொண்டா, எதிரில் உட்கார்ந்தா? கசந்தால் துப்புவானா? ஐந்தரை வருஷத்தில் தன் கையால் ஒரு வேளை மருந்து கொடுத்ததில்லை. பிள்ளையின் வியாதியைப் பற்றி ஒரு ஃபைல் முழுக்கப் படித்து வைத்திருந்தவனுக்கு இது தெரியாதது, கடலூர் பஸ்ஸில், நூறு பேருக்கு நடுவில், வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தான். மாலதி நம்பருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மணிவண்ணன் எடுத்தார்.

"மாப்ள, சொல்லுங்க. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுது, அப்படியே படுத்து தூங்கிடுச்சு. அவசரமா? எழுப்பட்டா?"

தில்லை இப்போது முனக ஆரம்பித்திருந்தான். அது எந்த 'ம்ம்ம்' என்று செம்பியனுக்குத் தெரியவில்லை.

"வேணாம் மச்சான்" என்றான். "தூங்கட்டும்."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பாட்டிலின் மூடியைத் திருகினான்.